நரம்பொட்டியின் குருத்து

டாக்டர் ஃபௌசியா ஆழியாறு ரோட்டில் காரைத் திருப்பும்போதே சண்டை போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். ஆனைமலை மூலிகை உயிர்வங்கிக்கு அவள் போட்ட விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது. பொள்ளாச்சியில் அவளுடைய வார்டில் படுத்திருந்த குழந்தைகளுக்குப் பரிசீலனைக்கெல்லாம் நேரம் இல்லை.

எதிரே மலை தெரிந்தது. பெருந்தீ பிடித்து ஒன்பது வருஷமாகியும் மேல்சரிவுகள் கருத்தபடியே இருந்தன. அந்தத் தீக்குப் பிறகுதான் எரிகாய்ச்சல் ஊருக்குள் வந்தது. காடு போனதும் கீழே இறங்கிய ஏதோ ஒரு கொசு கொண்டுவந்தது என்றார்கள். காய்ச்சல் என்னவோ ஒரு வாரத்தில் விட்டுவிடும். அதற்கப்புறம்தான் விரல் நுனி மரத்துப்போக ஆரம்பிக்கும். பிறகு உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு. ஒரு வருஷத்துக்குள் வைத்தியம் பார்க்காவிட்டால் அந்த நரம்புகள் செத்தே போகும். அப்புறம் எந்த மருந்தும் ஏறாது.

மருந்தும் இருக்கத்தான் செய்தது. நரம்பொட்டி என்று ஒரு கொடி, ஆனைமலையின் உச்சிச் சோலைகளில் மட்டும் வளர்ந்தது. அதன் இலைச்சாற்றைச் சொட்டு மருந்தாகக் கொடுத்தால் மரத்த விரல்களுக்கு உணர்வு திரும்பும். மலையோடு அந்தக் கொடியும் எரிந்துபோனது. காயவைத்துச் சேமித்திருந்த இலையும் போன வருஷம் தீர்ந்தது. இலையில் இருந்த முக்கியமான ரசாயனம் இதுதான் என்று கண்டுபிடித்து ஆலையில் செய்து பார்த்தார்கள். ஒரு குழந்தைக்கும் கேட்கவில்லை. இப்போது உலகத்தில் நரம்பொட்டி மிச்சம் இருந்த ஒரே இடம் இந்த உயிர்வங்கிதான்.

உயிர்வங்கிக்குள் போனால் யாரும் அவளை வரவேற்கவில்லை. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்ட ஒரு பெண்மணி, புடவைக்கு மேல் பழைய ஸ்வெட்டரும் காலில் ரப்பர் பூட்ஸுமாக நின்று, இடுப்பளவு உயரமான ஒரு அலுமினியத் தொட்டிக்குள் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டியின் வாயிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து தரையெல்லாம் படர்ந்தது.

“சித்த அங்கியே நில்லுங்க டாக்டர். இது மேல தெறிச்சா வெந்து போகும்” என்றாள் திரும்பாமலே. அவள்தான் நித்திலா, வங்கியின் பொறுப்பாளர்.

“நான் யாருன்னு தெரியுமா?”

“அத்தனை விண்ணப்பம் போட்டா தெரியாதுங்களா? வருவீங்கன்னுதான் இருந்தேன்.”

ஃபௌசியா கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் தொட்டியைக் கை காட்டினாள். “இதுக்குள்ளதான் செடி இருக்கா?”

“மாட்டு டாக்டர் சினை ஊசி போட ஒரு கேன் தூக்கிட்டு வருவாரு, மூடியைத் தெறந்தா பொகை வருமே, பாத்திருக்கீங்களா? அதே திரவ நைட்ரஜன்தானுங்க. அவரு காளையோட விந்தை வெச்சிருப்பாரு. நான் செடியோட குருத்தை வெச்சிருக்கறேன்.”

“வெறும் குருத்தா?”

“குருத்துக்கும் உள்ளார, அதோட நுனி. ஒரு கடுகை நாலா வெட்டுனா ஒரு துண்டு எவ்ளோ இருக்கும், அவ்ளோதான். ஒரு செடி வளர்றதெல்லாம் அந்த இடத்துல இருந்துதான். சும்மா கொண்டுபோய்க் குளிர்ல போட்டா, உள்ளே இருக்கற தண்ணி ஊசியூசியா ஒறஞ்சு எல்லாத்தையும் குத்திக் கிழிச்சுப்போடும். அதனால முதல்ல கெட்டிப் பாகுல ஊறவெச்சுத் தண்ணியை வாங்கிரோணும். அப்புறம் போட்டா ஐஸ் கட்டாது, கண்ணாடியாட்டம் இறுகி நின்னுக்கும். நூறு வருஷம் கழிச்சு எடுத்தாலும் அதுக்கு நேத்துதான்.”

“எவ்வளவு இருக்கு?”

“அறுபதுக்குள்ள.”

“அத்தனையும் எடுத்து வளர்த்துக் குடுங்க மேடம். என் வார்டு ரொம்பி வழியுது.”

நித்திலா தொட்டியை மூடிவிட்டு, கையுறைகளைக் கழற்றினாள். “எடுத்தா பாதிக்குப் பாதி உசுரு வராது. ஒருதரம் எழுப்பினதை மறுபடி அப்படியே தூங்கவெக்கவும் முடியாது. அத்தனையும் எடுத்து, ஏதாச்சும் தப்பாப் போனா, அதோட இந்தச் செடி இல்லீங்க. எங்கியும் இல்ல.”

“அப்ப நாளைக்கு வரப்போற குழந்தைக்காக இன்னைக்குப் படுத்திருக்கற குழந்தையை விட்டுடச் சொல்றீங்க.”

“விடச் சொல்லலீங்க. நாளைக்கு வர்ற குழந்தைக்கும் உங்களையாட்டம் ஒரு டாக்டர் இருப்பாங்கல்ல? அவுங்க கோவமா கார் எடுத்துட்டு இங்க வந்து நிக்கறப்ப நான் என்ன சொல்லட்டும்?”

ஃபௌசியா மூடிய தொட்டியைப் பார்த்தாள்.

“பாதி எடுக்கறேன். கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க அலையாதீங்க” என்றாள் நித்திலா. “இன்னைக்கே எடுத்தரலாம். இருந்து பாத்துட்டுப் போங்க.”

சண்டைக்கு வந்தவள் அன்று மத்தியானம் முழுக்க அந்த அறையிலேயே இருந்தாள். நித்திலா தொட்டியிலிருந்து குருத்து இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் அமிழ்த்தியதையும், லென்ஸுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்துச் செடி வளர்க்கும் சத்துக் கூழின் மேல் நலுங்காமல் உட்காரவைத்ததையும் பார்த்தாள். பிறந்த குழந்தைகளின் ரத்தக்குழாய் தேடி ஊசி போட்டுப் பழகியவள் அவள். கை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இந்த அம்மாவின் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

எடுத்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் பிழைத்தன. பிழைத்தவை ஜோராக வளர்ந்தன. அந்தக் கொடிக்கே அவசரம் அதிகம். மூன்று மாதத்தில் கண்ணாடி வீட்டின் கம்பிகளைப் பிடித்து ஏறி, பூ வைக்காத குறையாக நின்றது. இலை பறித்தார்கள். சாறு இறக்கினார்கள். வார்டில் முதல் சொட்டு பூவிழி என்ற ஏழு வயதுப் பெண்ணின் நாக்கில் விழுந்தது. பூவிழிக்கு இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மரத்திருந்தன. பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு படம் வரைவாள். வாய் சும்மா இருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. ஃபௌசியா காலை மாலை இரண்டு வேளையும் பூவிழியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள்.

“தெரியல டாக்டர். கசப்புதான் தெரியுது” என்றாள் பூவிழி. பிறகு டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரொம்பக் கசப்பு ஒண்ணும் இல்ல” என்று சேர்த்துக்கொண்டாள்.

ஒரு குழந்தைக்கும் கேட்கவில்லை. வார்டுக்கு வெளியே காத்திருந்த பெற்றோர்களிடம் அதை ஃபௌசியாதான் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் கத்தவில்லை. பூவிழியின் அம்மா மட்டும், “செடி அதேதானுங்களே?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு ஃபௌசியா உயிர்வங்கிக்குப் போனாள்.

நித்திலாவுக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது. கண்ணெல்லாம் சிவந்து, நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க டாக்டர். இங்க வந்து பாருங்க. இடது பக்கம் இருக்கறது நம்ம செடியோட இலை. வலது பக்கம், தீக்கு முன்னால காட்டுல பறிச்சுக் காகிதத்துல ஒட்டி வெச்சிருந்த இலை.”

ஃபௌசியா பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. உற்றுப் பார்த்தபோது காட்டு இலையில் மட்டும் செல்களுக்கு நடுவே மெல்லிய இழைகள் வளைந்து வளைந்து ஓடியது தெரிந்தது.

“என்ன இது, ஏதாவது நோயா?”

“பூஞ்சை. ஆனா நோயில்லீங்க, குடித்தனம்” என்றாள் நித்திலா. “செடி வெறும் வீடுதான் டாக்டர். மருந்தைச் சமைச்சது உள்ளார குடியிருந்த இந்த இழை. ரெண்டும் சேர்ந்து சமைச்சதுன்னு வேணும்னாலும் சொல்லலாம். ஒறைய வெக்கறதுக்கு முன்னால குருத்தைச் சுத்தமாக் கழுவோணும்னு விதி. கிருமி ஒண்ணு ஒட்டியிருந்தாலும் கூழுல அதுதான் முதல்ல வளரும். அதனால நல்லாக் கழுவினோம். கழுவறேன்னு குடித்தனக்காரனை வெரட்டி உட்டுட்டோம்.”

“ஆலையில செஞ்ச மருந்து கேக்காததும்...”

“அவுங்க பத்துல ஒண்ணைத்தான் காப்பி அடிச்சாங்க. மிச்சம் ஒம்பது இதுகிட்ட இருந்திருக்குது.”

ஃபௌசியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப தொட்டியில மிச்சம் இருக்கற பாதியும் வீண்.”

நித்திலா எழுந்து போய்த் தொட்டியின் மூடியைத் தொட்டபடி நின்றாள்.

“ஒம்பது குருத்து இருக்குது. கழுவாதது. தீ வந்த அன்னைக்கு வனத்துறை ஜீப்புல நானும் மேல போனேன். எந்தக் கொடி எரியுறதுக்கு முன்னால கைக்கு ஆப்படுதோ அதை அறுத்தோம். கழுவறதுக்கெல்லாம் நேரம் ஏது? ஜீப் பானட்டு மேல வெச்சே நுனியைக் கிள்ளிப் பாகுல போட்டு, கேனுக்குள்ள அமுத்தினேன். முடிக்கறப்ப டயர் உருக ஆரம்பிச்சிருச்சு. கீழே வந்து சேர்ந்ததே பெருசு. கமிட்டியில அதைக் கறைபட்டதுன்னு எழுதி அழிக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க.”

“நீங்க அழிக்கல.”

“காட்டுல கடைசியா எடுத்ததுங்க அது. எப்படி டாக்டர் அழிப்பாங்க?”

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கறைபட்ட குருத்தைக் கூழில் வைத்தால், கூழில் உள்ள சர்க்கரையைத் தின்று பூஞ்சை ஒரே நாளில் பெருத்துக் குருத்தையே மூடிவிடும். பூஞ்சை மட்டும் தனியாக இருந்தாலும் மருந்து சமைக்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று அடங்கி வாழ, வேரும் இலையுமாக நிற்கும் ஒரு செடி வேண்டும்.

“ஒட்டுக் கட்டிப் பாக்கலாம்” என்றாள் நித்திலா. “மாங்கன்னுல ஒட்டுப் போடற மாதிரிதான், அளவு மட்டும் கடுகு. நம்ம சுத்தமான செடியோட நுனியை அரிஞ்சுட்டு, அந்த எடத்துல இந்தக் குருத்தை ஒக்காரவெக்கோணும். புடிச்சுக்கிச்சுன்னா குடித்தனக்காரன் மெதுவாக் கீழே எறங்கி வீடு முழுக்கப் பரவிருவான். உபயோகமில்லாமப் போச்சுன்னு நெனச்சமே, அந்தச் செடிங்க இருக்கறதாலதான் இதைச் செய்யவே முடியும்.”

அவள் இரண்டு குருத்துகளை ஒட்டினாள். இரண்டும் காய்ந்து உதிர்ந்தன. மூன்றாவதை எடுக்குமுன் ஒட்டும் கோணத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த வாரமே எரிகாய்ச்சலில் படுத்தாள்.

காய்ச்சல் விட்ட பிறகு ஃபௌசியா அவளைப் பார்க்கப் போனபோது, நித்திலா கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்து ரொம்ப நாளாயிற்று. மகன் எங்கோ வெளிநாட்டில். பக்கத்தில் யாரும் இல்லை.

“விரல் அசையுதா?” என்று கேட்டாள் ஃபௌசியா.

“அசையறதெல்லாம் அசையுது. எதைப் புடிச்சிருக்கறேன்னுதான் தெரியல.” நித்திலா நிமிர்ந்தாள். “இன்னும் ஏழு இருக்குது. அந்தக் கொளந்தைங்களுக்கு வருஷம் முடிய இன்னும் எவ்ளோ நாளு?”

“சில பேருக்கு முடிஞ்சே போச்சு. பூவிழி மாதிரி இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் இருக்கு. கோயமுத்தூர்ல யாராவது ஆள் கிடைப்பாங்களா?”

“கெடைப்பாங்க. இந்தச் செடிக்குக் கை பழகறதுக்குள்ள ஏழும் போயிரும்.” அவள் ஃபௌசியாவின் கைகளைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை. “பச்சைக் கொளந்தைக்கு ஊசி போடறவங்கதான நீங்க?”

அதற்குப் பிறகு ஃபௌசியா வார்டு வேலை முடிந்ததும் தினமும் ஆழியாறு ரோட்டில் வந்தாள். முதலில் தக்காளி நாற்றுகளில் பழகினாள். எத்தனை நாற்றுகளைக் கெடுத்தாளோ கணக்கில்லை. நித்திலா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நுண்ணோக்கியின் திரையில் தெரிவதைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே இருப்பாள். அதட்டியதில்லை. ஆனால் சுமாராக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் இல்லை.

“மூச்சை உட்டுட்டு வெட்டுங்க. இழுக்கறப்ப வெட்டாதீங்க, கை ஏறும்.”

“இப்பச் சரியா அக்கா?” மேடம் எப்போது அக்காவாக மாறினாள் என்று இருவருக்குமே தெரியாது.

“இல்ல. இன்னொண்ணு எடுங்க.”

கடைசியில் ஒருநாள், “செரி, உண்மையான குருத்தை எடுக்கலாம்” என்றாள் நித்திலா. ஃபௌசியா அறுவை சிகிச்சைகளில் நின்றிருக்கிறாள், உயிர் போவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு இனத்தின் கடைசித் துணுக்கு இடுக்கி முனையில் இருந்ததில்லை. ஏழையும் ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது கழுத்து திரும்பவில்லை. நித்திலா தன் உணர்வில்லாத கையை அவள் தோளில் வைத்தாள். அது சரியாகத் தோளில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

மூன்று ஒட்டுகள் பிடித்தன. மூன்றே போதுமாக இருந்தது. சில வாரங்கள் கழித்து அடி இலை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தபோது அந்த இழைகள் வளைந்து வளைந்து ஓடின. ஃபௌசியா கூச்சலே போட்டுவிட்டாள். நித்திலா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்து, கீழே போட்டு, அதைப் பொருட்படுத்தாமல் மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள்.

இலை பறிக்கும் நாள் வந்தபோதுதான் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது.

“முதல்ல வர்ற குருத்துல கொஞ்சம் தொட்டிக்குப் போகோணும். கழுவாம, குடித்தனத்தோட” என்றாள் நித்திலா.

“அக்கா, குருத்துலதான் மருந்து அதிகம். அதைத் தொட்டிக்குக் கிள்ளிட்டா அடுத்த குருத்து வர ஒரு மாசம் ஆகும். அந்த ஒரு மாசத்துல பூவிழியோட வருஷம் முடிஞ்சுடும். அவளுக்கு மட்டுமில்ல, அந்த வரிசையில இருக்கற அத்தனை பேருக்கும்.”

“மூணே மூணு செடி. ஒரு அழுகல் வந்தா போதும்.”

“வரும்போது பாத்துக்கலாம். வந்து நிக்கற குழந்தைகிட்ட வராத அழுகலைச் சொல்ல என்னால முடியாது. நீங்க வேணா வார்டுக்கு வந்து சொல்லுங்க.”

நித்திலா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, “செரி. வார்டுக்கே குடுங்க” என்றாள். “எனக்கும் காய்ச்சல் வந்திருக்குது. வரிசையில எனக்கும் ஒரு பங்கு இருக்குதுல்ல?”

“இருக்கு அக்கா. அதை நானே எழுதிட்டேன்.”

“அதை மட்டும் சாறா எறக்க வேண்டாம். கொழுந்தோட அப்படியே குடுத்துருங்க. நானே கஷாயம் வெச்சுக் குடிச்சுக்கறேன்.”

அவள் ஒத்துக்கொண்டதே பெரிது என்று ஃபௌசியா அவள் பங்கைத் துளிர்த்த கொழுந்துகளாகவே கிள்ளிக் கொடுத்தாள்.

மருந்து கேட்டது. பூவிழிக்குத்தான் முதலில் தெரிந்தது. ஃபௌசியா சுண்டுவிரலைத் தொட்டபோது அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “டாக்டர், உங்க கை சில்லுனு இருக்குது!” என்றாள். ஃபௌசியா மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அந்த மாதத்தில் ஒவ்வொரு கட்டிலாகச் சட்டைப் பொத்தான்கள் போடப்பட்டன, பந்துகள் எறியப்பட்டன, ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. வருஷம் தாண்டிப்போன குழந்தைகள் சிலருக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. அவர்களுடைய பெற்றோர் அடுத்த கட்டில்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஃபௌசியா தினமும் முதலில் அவர்களிடம்தான் போனாள்.

நித்திலாவுக்கும் எதுவும் மாறவில்லை. ஒருநாள் அவள் விரல்களில் கொப்புளங்கள் வந்து காய்ந்த தழும்புகளைப் பார்த்து ஃபௌசியா திடுக்கிட்டாள்.

“என்னக்கா இது, எதுல சுட்டுக்கிட்டீங்க?”

“தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு” என்று நித்திலா சிரித்தாள்.

பெரியவர்களுக்கு இந்த ஒட்டுக்கொடி மருந்து கேட்காது போலிருக்கிறது என்று ஃபௌசியா முடிவு கட்டினாள். மனசு அதை ஏற்க மறுத்தாலும், அவளைத் தவிர அந்த மருந்து சாப்பிட்ட பெரியவர்கள் வேறு யாரும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை நிற்காமல் கொட்டியது. கண்ணாடி வீட்டில் ஒரு செடியின் தண்டு அடியில் அழுகல் பூஞ்சை பிடித்துக் கறுத்தது. மருந்தடித்துப் பார்த்தார்கள், பூஞ்சைக்கு மருந்தடித்தால் உள்ளே குடியிருப்பதும் சாகும் என்பதால் ஓரளவுக்கு மேல் அடிக்கவும் முடியவில்லை. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள் போல ஒரே மாதிரி நோயில் விழுந்தன. கடைசிச் செடி சாய்ந்த அன்று வார்டில் புதிதாகப் பதினோரு குழந்தைகள் சேர்ந்திருந்தார்கள்.

ஃபௌசியா நனைந்துகொண்டே உயிர்வங்கிக்குள் வந்தாள்.

“நீங்க சொன்னீங்க” என்றாள். “நான்தான் கேக்கல. நீங்க அன்னைக்கே சொன்னீங்க அக்கா.”

“கேட்டிருந்தா பூவிழிக்குக் கை இல்ல. நீங்க செஞ்சதும் செரிதான்” என்றாள் நித்திலா. முழங்கையால் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். “வாங்க. தொட்டியில நாலு இருக்குது.”

“எது நாலு?”

“குடித்தனத்தோட இருக்கற குருத்து. நெறையா வெக்கலாம்னுதான் பாத்தேன். கை சொன்னபடி கேக்கல. கத்தியை மணிக்கட்டுல துணியால கட்டிக்கிட்டு, கண்ணால பாத்துப் பாத்து வெட்டுனேன். பாதிக்கு மேல நசுங்கிப்போச்சு. நைட்ரஜன் விரல்ல பட்டதும் தெரியல. நாலுதான் தேறுச்சு.”

ஃபௌசியாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அந்தத் தழும்பு விரல்களைப் பார்த்தாள்.

“கஷாயம் வெச்சுக் குடிக்கறேன்னு சொன்னீங்களே.”

“ஆமா, சொன்னேன்.”

“ஏன்க்கா? அது உங்க கை! இத்தனை வருஷம் எவ்வளவு வேலை செஞ்ச கை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? டாக்டருக்கு முன்னால இருக்கற ஆளுதான் பெருசு. அப்படித்தான் இருக்கோணும். வார்டுப் பங்குல கை வெக்க எனக்கும் மனசில்ல. எம் பங்குல வெச்சுக்கறதுக்கு யாரைக் கேக்கோணும்?” நித்திலா ஸ்டூலை நுண்ணோக்கிக்கு எதிரே காலால் தள்ளிவிட்டாள். “எனக்கு வருஷம் முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்குதுதான். அதுக்குள்ள இலை வராது. அதைப் பத்தி இனிமே பேச வேண்டாம். தலையைத் தொடைச்சுட்டு ஒக்காருங்க. தண்ணி சொட்டுனா குருத்து கெட்டுப்போகும்.”

ஃபௌசியா தலையைத் துடைத்தாள். கையைக் கழுவினாள். லென்ஸ் மங்கலாகத் தெரிந்தது. அது லென்ஸ் இல்லை என்று தெரிந்ததும் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் அந்தக் குரல் நிதானமாக ஆரம்பித்தது. “மூச்சை உட்டுட்டு வெட்டுங்க.”

மிச்சமிருந்த சுத்தமான செடிகளில் ஒட்டிய நாலில் இரண்டு பிடித்தன. இந்தத் தடவை முதல் கொழுந்து தொட்டிக்குப் போனது, கிள்ளியது ஃபௌசியா. அதற்காகச் சில குழந்தைகள் சில வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெற்றோர்களிடம் அவளே போய் எதற்காகக் காக்க வேண்டும் என்று சொன்னாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் திட்டினார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டாள். அடுத்த வருஷத்துக்குள் வால்பாறையிலும் உடுமலையிலும் ஒவ்வொரு கண்ணாடி வீடு வந்தது. கொடி ஒரே இடத்தை நம்பி இருக்க வேண்டிய நிலை மாறியது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை பூவிழி தன் அம்மாவோடு உயிர்வங்கியைப் பார்க்க வந்தாள். எட்டு வயதாகியிருந்தது, பேச்சு குறையவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, புகை ஏன் மேலே போகாமல் கீழே போகிறது என்று கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு இன்னும் நாலு கேள்வி கேட்டாள். பிறகு நித்திலாவின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள்.

“உங்களுக்கும் எனக்கு வந்ததுதான வந்துச்சு?”

“அதேதான் சாமி.”

“எனக்குச் செரியாயிருச்சு. உங்களுக்கு ஏன் ஆகல?”

பூவிழியின் அம்மா அவசரமாக மகளின் தோளைத் தொட்டாள். ஃபௌசியா வேறு பக்கம் திரும்பி எதையோ எடுத்து வைத்தாள்.

“எம் பங்கைச் செடிக்குக் குடுத்துட்டேன் கண்ணு. அதுக்குப் பசி ஜாஸ்தியா இருந்துச்சு.”

பூவிழி யோசித்தாள். “அப்ப இப்பத் திருப்பிக் கேளுங்க. இப்பத்தான் நெறைய இருக்குதே.”

“கேட்டுப் பாத்தேன். நேரம் தாண்டிப்போச்சுன்னு சொல்லிருச்சு.”

அந்தப் பதில் பூவிழிக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் வந்து நித்திலாவின் வலது கையைத் தன் கைக்குள் எடுத்தாள். தழும்பு இருந்த விரல்களை ஒன்றுசேர்த்துப் பிடித்து அழுத்தினாள்.

“இப்பத் தெரியுதா?”

“இல்லியே.”

“இப்ப?”

“இன்னும் நல்லா இறுக்கிப் புடி பாக்கலாம்.”

பூவிழி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அவள் நகங்கள் நித்திலாவின் விரலில் பதிந்தன. ஃபௌசியா பதறி ஓர் அடி முன்னால் வந்தாள். நித்திலா தலையை அசைத்து அவளை நிறுத்தினாள். குனிந்து, லென்ஸுக்குள் பார்ப்பது போல, அந்தச் சின்னக் கையின் கணுக்கள் ஒவ்வொன்றாக வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும்” என்றாள்.